இறுகிய தசையை எங்கே தளர்த்துவது

பக்கவாதம் வந்து சில வாரங்கள் கழித்துக் கை மார்போடு மடங்கிக்கொள்வதும், விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு விரிக்க வராமல் போவதும் ‘ஸ்பாஸ்டிசிட்டி’ எனப்படும் தசை இறுக்கத்தின் அடையாளங்கள். தொடக்கத்தில் தசையில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. மூளையிலிருந்து இறங்கிவரும் கட்டுப்பாடு குலைந்துபோவதால், நீட்டும்போதெல்லாம் தண்டுவடம் தன் போக்கில் தசையைச் சுருக்குகிறது. வேகமாக நீட்டினால் முரண்டும் கூடும். ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-ல் தந்த இந்த விளக்கமே இன்றும் அடிப்படை. தலைக்காயம், தண்டுவடக் காயம், குழந்தைகளின் மூளை முடக்குவாதம் ஆகியவற்றிலும் இதே இறுக்கம் வரும். பல மூட்டுகளை ஒருசேரப் பிடித்து, தசையும் குறுகிப்போய், தானே முறுக்கும் அசைவுகளும் சேர்ந்துகொண்டால் அது சிக்கலான இறுக்கம்.

இறுக்கத்தைக் கண்டுபிடிக்க எம்.பி.பி.எஸ். படிப்பிலேயே சொல்லித்தருகிறார்கள். எந்தத் தசையை எவ்வளவு தளர்த்துவது, எதைத் தொடாமல் விடுவது என்ற முடிவுக்குத்தான் மேற்பயிற்சி வேண்டியிருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியின் குறுகிய சந்து ஒன்றில், செங்குத்தான மரப்படி உள்ள பழைய வீட்டில் வாழும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பலவீனமான அவருடைய கால் விறைத்து நிற்பதால்தான் படியேறவே முடிகிறது. அந்த விறைப்பை ஊசி போட்டு எடுத்துவிட்டால் முழங்கால் மடங்கி விழுந்துவிடுவார். அதே மனிதரின் மூடிய கையைத் திறந்துவிட்டாலோ, நகம் வெட்டலாம், வியர்வையில் ஊறிப் புண்ணாகி நாற்றமெடுக்கும் உள்ளங்கையைக் கழுவலாம். ஒரே உடம்பில் ஓர் இறுக்கம் உதவுகிறது, இன்னொன்று வதைக்கிறது.

இத்தகைய முடிவுகளை எடுக்கும் மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு இந்தியாவில் அடித்தளமிட்டவர்களில் ஒருவர் கொச்சிக்காரர். வைப்பின் தீவின் செராயில் 1925-ல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தார். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டிடம் பழகி, தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். அங்கே 1966-ல் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. நோயாளிக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

மேற்பயிற்சியில் முதலில் கைக்குப் பழக்கம் வருகிறது. முழங்கையை மெதுவாக நீட்டிப் பார்த்து, பிறகு வேகமாக நீட்ட வேண்டும். வேகத்தில் ஓரிடத்தில் ‘டக்’கென்று பிடிக்கும். மெதுவாக நீட்டும்போது எட்டுகிற கோணத்துக்கும் இந்தப் பிடிப்புக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் குற்றம் நரம்பின் மேல். ஊசி பலன் தரும். இரண்டும் ஒரே இடத்தில் நின்றால் தசையே குறுகிவிட்டது. மாவுக்கட்டோ அறுவையோதான் வழி. சந்தேகம் தீராதபோது நரம்பைச் சில மணி நேரம் மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளியை நடக்கவிட்டுப் பார்ப்பதும் உண்டு. சந்தேகம் இருக்கையில் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேரே ஊசிக்குப் போவது தவறு.

அடுத்தது ஊசி. பொட்டுலினம் நச்சு, நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும் இடத்தில் அசிட்டைல்கோலின் வெளிவருவதைத் தடுக்கிறது. சில நாளில் தளர்வு தொடங்கி, மூன்று நான்கு மாதத்தில் மங்கிவிடும். முன்கையில் விரல்களை மடக்கும் தசைகள் அடுக்கடுக்காக இருப்பதால், ஊசி சற்றே விலகினாலும் வேறு விரலுக்குப் போய்விடும். ஆகவே அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தே குத்தப் பழகுகிறார்கள். ஃபீனால் ஊசிக்கு விலை மிகக் குறைவு. தொடைகளை நெருக்கும் நரம்பில் அதைப் போட்டால், படுத்த படுக்கையாக இருப்பவரைச் சுத்தம் செய்வது எளிதாகும். உணர்ச்சி நரம்பில் பட்டால் எரிச்சல் வலி மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், கைப்பழக்கம் இல்லாதவர்கள் தொடக் கூடாத மருந்து அது. தசை தளர்த்தும் பாக்லோஃபென் மருந்தைத் தண்டுவட நீருக்குள் செலுத்தும் முறையை 1984-ல் சிகாகோவில் ரிச்சர்ட் பென்னும் ஜெஃப்ரி க்ரோயினும் அறிமுகப்படுத்தினர். வயிற்றுத் தோலுக்கு அடியில் வைக்கும் பம்ப் அதைச் செலுத்துகிறது. மருந்து தீர்வதற்குள் நிரப்ப வசதி இருந்தால்தான் அது பாதுகாப்பு.

ஊசி போட்டதும் வேலை முடிந்துவிடாது. தசை தளர்ந்திருக்கும் அந்தச் சில மாதத்தில்தான் பிசியோதெரபிஸ்ட் நீட்டிப் பழக்க வேண்டும், கைக்கு ஸ்ப்ளிண்ட் செய்ய வேண்டும். அதற்கு நோயாளி திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. மட்டாஞ்சேரிக்கு 2025 அக்டோபரில் வந்த வாட்டர் மெட்ரோவில், மிதக்கும் மேடை படகோடு சமமாக நிற்பதால் சக்கர நாற்காலி உள்ளே போய்விடும். சிகிச்சைக்கு எறணாகுளம் போக இது பெரிய உதவி. கொச்சிக்கு வடக்கே இருப்பவர்களுக்கு இரிஞ்ஞாலக்குடா அருகே கேரள அரசின் உடலியக்க மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது.

கேரளத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. 2008-ல் வலிநிவாரணப் பராமரிப்புக்கென்றே கொள்கை வகுத்த மாநிலம் இது. உள்ளாட்சிகளின் செவிலியர்கள் வீடு தேடிப் போகிறார்கள். சிக்கலான இறுக்கத்துக்கான பயிற்சி நிபுணர்களோடு நின்றுவிடாமல் இவர்களையும் எட்ட வேண்டும். காரணம், திடீரென்று கூடும் இறுக்கம் பெரும்பாலும் வேறொன்றின் குரல். சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம், மலம் கட்டியிருக்கலாம், படுக்கைப்புண் தொடங்கியிருக்கலாம், கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கலாம். வலியை உணராத, சொல்ல முடியாத நோயாளியிடம் தசைதான் முதலில் பேசும். இவற்றைத் தேடிப் பார்க்காமல் தசை தளர்த்தும் மாத்திரையைக் கூட்டினால் மயக்கம்தான் மிஞ்சும். பாக்லோஃபென் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலோ வலிப்பும் குழப்பமும் வரக்கூடும். ஆகவே அடுத்த மாத்திரை அட்டையை வீட்டில் வாங்கி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் அந்தச் செவிலியர் கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான்.