சிகிச்சையின்றிச் சுருங்கும் புற்றுநோய்

சிகிச்சை ஏதும் இல்லாமல், அல்லது போதாத அளவு சிகிச்சை மட்டும் பெற்ற நிலையில், புற்றுநோய்க் கட்டி சுருங்குவதோ முழுவதும் மறைவதோ தன்னியல்பான பின்னடைவு எனப்படும். அமெரிக்க மருத்துவர்கள் டில்டன் எவர்சனும் வாரன் கோலும் 1900-க்குப் பிந்தைய மருத்துவப் பதிவுகளை அலசி, 1966-இல் வெளியிட்ட நூலில் 176 நிகழ்வுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டனர். உலகம் முழுவதற்குமான கணக்கு இது. ஆகவே இதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. மேலும், பின்னடைவு என்பது குணமடைதல் ஆகாது. சுருங்கிய கட்டி மீண்டும் வளர்வதுண்டு.

இத்தகைய நிகழ்வுகள் பலவற்றில் கடும் தொற்றும் காய்ச்சலும் முன்னதாக வந்திருந்தன. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலியின் கவனத்தை ஈர்த்தது இதுதான். கழுத்தில் சர்கோமா கட்டி இருந்த ஒருவருக்குப் பலமுறை அறுவை செய்தும் பயனில்லை. பின்னர் அவருக்கு எரிசிபெலஸ் என்னும் தோல் தொற்று வந்தது, கட்டி மறைந்தது. பல ஆண்டுகள் கழித்து கோலி அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் நலமாகவே இருந்தார். 1891-இல் கோலி, அத்தொற்றை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை நோயாளிகளுக்குச் செலுத்தத் தொடங்கினார். சிலருக்குக் கட்டி சுருங்கியது. சிலர் தொற்றினாலேயே இறந்தனர். பிறகு அவர் கொல்லப்பட்ட கிருமிகளுக்கு மாறினார். கதிர்வீச்சுச் சிகிச்சை பரவியதும் அவரது முறை மெல்ல வழக்கொழிந்தது.

கோலியால் விளக்க முடியாததற்கு நோயெதிர்ப்பியல் பின்னர் ஓரளவு விடை தந்தது. புற்றணுக்களின் மேற்பரப்பில் தோன்றும் மாறுபட்ட புரதத் துணுக்குகளை டி செல்கள் அந்நியமாக அடையாளம் கண்டு தாக்கக்கூடும். தானாகச் சுருங்கும் மெலனோமா என்னும் தோல் புற்றில் இச்செல்கள் திரண்டிருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். உறுப்பு மாற்றத்துக்காக எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்டவர்களுக்குச் சில புற்றுநோய்கள் அதிகம் வருவதும் இதற்கு ஒத்துப்போகிறது. புற்றணுக்களோ டி செல்களின் இயல்பான ‘பிரேக்’குகளை அழுத்தித் தப்பிக்கின்றன. அந்தப் பிரேக்கை விடுவிக்க வழிகண்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகியோர் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி. இன்றும் சிறுநீர்ப்பைப் புற்றின் தொடக்க நிலையில் பயன்படுகிறது. கோலியின் எண்ணத்துக்கு மிக நெருக்கமான சிகிச்சை இதுவே.

எல்லாப் பின்னடைவுக்கும் நோயெதிர்ப்பு மட்டுமே காரணமன்று. கைக்குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமாவில், முதிராத நரம்பணுக்கள் தாமே முதிர்ந்தோ மடிந்தோ போவதுண்டு. ஜப்பான் 1980-களில் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து இந்நோயைத் தேடியது. தானாகவே மறைந்திருக்கக்கூடிய கட்டிகளும் பிடிபட்டு, குழந்தைகள் தேவையற்ற சிகிச்சைக்கு ஆளாயினர். 2004-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இன்று ஆபத்துக் குறைந்த கைக்குழந்தைகளில் சிலருக்கு மருத்துவர்கள் உடனே கத்தி வைப்பதில்லை; ஸ்கேன் எடுத்துக் கட்டியைக் கண்காணித்து வருகிறார்கள்.