நோயாளிகளின் ஊட்டச்சத்து, மனநலத் தேவை மதிப்பீடு

நோயாளிகளின் ஊட்டச்சத்து, மனநலத் தேவை மதிப்பீடு என்பது, உடல்நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் போதிய உணவு உட்கொள்கிறாரா, மனச்சோர்வால் துன்புறுகிறாரா என்பதை அளவீடுகளாலும் கேள்விகளாலும் கண்டறிவதாகும். நோயாளி சாப்பிட மறுப்பதற்கு நோய், மருந்து, மனச்சோர்வு ஆகிய மூன்றில் எதுவும் காரணமாகலாம். எனவே இரண்டு மதிப்பீடுகளும் சேர்த்தே செய்யப்படுகின்றன.

ஊட்டச்சத்து மதிப்பீடு

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும். இது 18.5-க்குக் கீழ் இருந்தால் எடைக்குறைவு ஆகும். ஆனால் இந்த எண் மட்டும் போதாது. 160 செ.மீ உயரமுள்ள ஒருவரின் எடை மூன்று மாதங்களில் 60 கிலோவிலிருந்து 53 கிலோவாகக் குறைந்தால், அவருடைய குறியீட்டெண் 20.7, அது இயல்பான அளவே. எனினும் அவர் 10 விழுக்காட்டுக்கு மேல் எடை இழந்துள்ளார். பிரித்தானியாவில் 2003-இல் வெளியான 'மஸ்ட்' அளவுகோலின்படி இது உயர் இடர் நிலை.

எழுந்து நிற்க இயலாதவருக்கு மேற்கையின் நடுச்சுற்றளவு அளக்கப்படுகிறது. அது 23.5 செ.மீ-க்குக் கீழ் இருந்தால் குறியீட்டெண் 20-க்குக் கீழ் இருக்க வாய்ப்புண்டு. கால் வீக்கம் உண்மையான எடை இழப்பை மறைத்துவிடும்.

மனநல மதிப்பீடு

'பி.எச்.கியூ-9' என்னும் வினாநிரல் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் உண்டு, மொத்தம் 27. மதிப்பெண் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் விரிவாகப் பரிசோதிக்க வேண்டும். பசியின்மை, களைப்பு, தூக்கக் குறைவு ஆகியவை உடல்நோயாலும் வருவதால் மதிப்பெண்ணை நோய் முடிவாகக் கொள்ளக் கூடாது. ஒன்பதாம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆம்' என்னும் பொருளில் விடை வந்தால், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும். உடனிருப்போர் நோயாளிக்காக விடை சொல்லிவிடுவது வழக்கம் என்பதால், நோயாளியிடம் தனியாகக் கேட்பதே நல்லது.

காரைக்காலும் சுற்றுப்புறமும்

காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாவட்டம். 2016-இல் இங்கு சிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை தொடங்கப்பட்டது. இதைச் சூழ்ந்துள்ள தமிழ்நாட்டில், 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. அதன்படி நோய் கண்டறியப்பட்டவுடன் பின்வருவன பார்க்கப்படுகின்றன:

• உடல் நிறை குறியீட்டெண்
• மூச்சு வீதமும் இரத்த ஆக்சிசன் அளவும்
• துணையின்றி நிற்க முடிகிறதா என்பது

குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் குறைவாக இருப்போர் மருத்துவமனையில் சேர்க்கப்படப் பரிந்துரைக்கப்படுகின்றனர். எடைபார்க்கும் பொறி, அளவுநாடா போன்ற எளிய கருவிகளே உயிரிழப்பைத் தடுக்க உதவும் என்பதற்கு இத்திட்டம் சான்றாகும்.

நடுவண் அரசின் நிக்சய் போசன் திட்டம் காரைக்காலுக்கும் பொருந்தும். காசநோயாளிகளின் உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் வழங்கப்படுகிறது. மனநல உதவிக்கு 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

மதிப்பீட்டுக்குப் பின்

பல நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாசுபரசு, பொட்டாசியம் அளவுகள் ஆபத்தான நிலைக்குக் குறையக்கூடும். எனவே மருத்துவர் கண்காணிப்பில் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்டுவர். பத்தியம் என்று வீட்டார் தாமாகவே கஞ்சியை மட்டும் தொடர்ந்து கொடுப்பதும் புரதக் குறைவை மிகுவிக்கும். நோயாளியின் நிலை மாறக்கூடியது என்பதால், மருத்துவமனையில் இருக்கும்வரை வாரம் ஒருமுறையேனும் எடை பார்ப்பது அவசியம்.