மதுவும் திருச்சபையும்: ஒரு சமூகவியற் குறிப்பு

மது பற்றிய கிறித்தவ நிலைப்பாடு யாது என்ற வினாவுக்கு விவிலியத்தை மட்டும் கொண்டு விடைகாண முயல்வோர் விரைவில் இடர்ப்படுவர். கானாவூர்த் திருமணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கினார் என்கிறது யோவான் சுவிசேஷம். பவுலின் பெயரால் வழங்கும் நிருபங்களோ வெறிகொள்ளுதலைக் கண்டிக்கின்றன. அவற்றுள் ஒன்றே தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது திராட்சரசத்தை விதந்துரைக்கின்றது. அளவோடு அருந்துதல் ஏற்புடைத்து, வெறி பாவம் என்பதே நெடுங்காலம் திருச்சபைகளின் பொதுக்கருத்தாயிருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் நற்கருணைக்குத் திராட்சை மதுவையே விதிக்கின்றது. அவ்வாறாயின், மதுவை முற்றாக விலக்குவதே கிறித்தவ ஒழுக்கம் என்னும் கருத்து எச்சூழலில் தோன்றிற்று?

விடை சமூக வரலாற்றில் உளது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் வறியோரிடையே ஜின் என்னும் மலிவான வடிசாராயம் பெருகிற்று. 1743இல் ஜோன் வெஸ்லி வகுத்த மெதடிஸ்த விதிகள், தவிர்க்கவியலாத் தேவை நேர்ந்தாலன்றி, வடிசாராயத்தை வாங்குவதையும் விற்பதையும் அருந்துவதையும் தடைசெய்தன. எனினும் அவை திராட்சை மதுவை விலக்கவில்லை.

முழுவிலக்குக் கோட்பாடு கைத்தொழிற் புரட்சிக் காலத்தில் வலுப்பெற்றதாகும். 1830ஆம் ஆண்டுச் சட்டமொன்று இங்கிலாந்தில் பியர் விற்பனையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஈராண்டுகளின் பின், பருத்தியாலை நகரான பிறெஸ்ரனில் ஜோசெப் லைவ்சி உட்பட எழுவர் மதுவகை அனைத்தையும் துறப்பதாக ஒப்பமிட்டனர். நேரந்தவறாது, தெளிந்த நிலையில் வேலைக்கு வரும் தொழிலாளியே ஆலை முதலாளிக்குத் தேவைப்பட்டான். எனவே முதலாளிகள் பலர் இவ்வியக்கத்தை ஆதரித்தமை வியப்பன்று.

ஆயின், இதனை முதலாளித்துவச் சூழ்ச்சியென்று மட்டும் கூறி அமைதல் இயக்கவியல் நோக்காகாது. 1840களின் தொடக்கத்தில் சாசன இயக்கத்தினருள் ஒரு சாராரும் முழுவிலக்கை மேற்கொண்டனர். வாக்குரிமை கோரும் தொழிலாளர் அதற்குத் தகுதியும் தன்மானமும் உடையோர் என நிறுவுவது அவர்தம் நோக்கம். பிரித்தானியத் தொழிற் கட்சியின் முன்னோடியான கெயர் ஹார்டியும் மதுவிலக்கு இயக்கத்திற் பயின்றவரே. ஒரே உறுதிமொழி முதலாளிக்கு உழைப்பொழுங்கையும், தொழிலாளர்க்குப் போராட்ட ஒழுங்கையும் அளித்தது.

சமூக நிலைமை ஒழுக்கத்தை மாற்ற, ஒழுக்கம் சடங்கையும் மாற்றியது. 1869இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் தொமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்தப் பல்வைத்தியர், லூயி பாஸ்ரரின் முறையைப் பின்பற்றிப் புளிக்காத திராட்சைச் சாற்றைத் திருவிருந்துக்கென ஆக்கினார். பின்னர் அங்கு சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றின் ஆதரவோடு 1920இல் நடைமுறைக்கு வந்த தேசிய மதுவிலக்கு, 1933இல் நீக்கப்பட்டது. குடியைத் தோற்றுவிக்கும் வாழ்நிலை சட்டத்தால் அகலவில்லை.

இவ்வுண்மையை 1845இலேயே ஏங்கெல்ஸ் சுட்டினார். ஆங்கிலத் தொழிலாளரின் நிலைபற்றிய தமது நூலில், குடியை அவர்தம் தனிப்பட்ட குற்றமாக அன்றி, ஓய்வும் நல்லுறையுளுமற்ற வாழ்வின் விளைவாகவே அவர் கண்டார். குடியைப் பாவமென விலக்குவோர், அதனை விளைவிக்கும் சுரண்டலையும் பாவமென உரைக்கத் துணிவரா என்பதே அவர்களது ஒழுக்கநெறியை அளக்கும் அளவுகோலாகும்.