உஷார்! குறட்டை நின்றால் நோய் நின்றுவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்

வாயில் ஒட்டும் டேப், மூக்கில் மாட்டும் கிளிப், தாடையை இழுத்துக் கட்டும் பெல்ட் என்று குறட்டைக்கு 'நிரந்தரத் தீர்வு'கள் ஆன்லைனில் குவிந்து கிடக்கின்றன. வாங்கும் முன் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் குறட்டை நடுவில் நின்று, திணறலோடு மறுபடி தொடங்குகிறதா?" 'ஆமாம்' என்றால் அது வெறும் குறட்டையாக இல்லாமல் ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் நோய் அது. பகல் தூக்கம், காலைத் தலைவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம் எல்லாம் அதன் அடையாளங்கள்.

இப்படி மூச்சு தடைபடுவது மணிக்கு 5 முதல் 14 முறை என்றால் லேசானது. 15 முதல் 29 என்றால் நடுத்தரம். 30-ம் அதற்கு மேலும் என்றால் தீவிரம். ஸ்லீப் டெஸ்ட் செய்யாமல் இந்த எண் யாருக்கும் தெரியாது. எண் தெரியாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது!

மூக்கடைப்பு உள்ளவர் வாயையும் டேப்பால் மூடினால், மூச்சுக்கு மிச்சமிருக்கும் வழியும் போய்விடும். மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தி அடைப்பைக் கூட்டக்கூடியவை. அண்ணத்தில் லேசர் வைத்துக்கொண்டால் சத்தம் அடங்கலாம், அடைப்போ சத்தமில்லாமல் தொடரலாம். இது இன்னும் ஆபத்து. எச்சரிக்க அந்தக் குறட்டைகூட இருக்காது.

சரி, எதுதான் பலன் தரும்?

அடைப்பின் எண்ணிக்கையைக் குறைப்பதில் முதலிடம், முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவிக்குத்தான். 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது அது. ஆனால் முகமூடி பிடிக்காமல் பலர் பாதி ராத்திரியில் கழற்றிவிடுகிறார்கள். பழைய கருவியை மலிவாக வாங்குவோரும் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதைவதால் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற்றது.

கீழ்த்தாடையை முன்னே தள்ளி வைக்கும் பல் கருவி, எண்ணிக்கையைக் குறைப்பதில் சிபாபுக்குப் பின்தான். ஆனாலும் அதை அதிக நேரம் அணிகிறார்கள். அதனால் லேசான, நடுத்தர நோயாளிகளுக்குப் பகல் தூக்கம் குறைவதில் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே நிற்கின்றன. வெந்நீரில் போட்டுக் கடிக்கும் கடைச் சரக்கு வேண்டாம். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து, சிறுகச் சிறுகச் சரிசெய்வதே சரி. தாடைவலியும், நாளடைவில் கடிக்கும் அமைப்பில் மாற்றமும் வரலாம் என்பதால் தொடர் கண்காணிப்பு அவசியம்.

மல்லாந்து படுக்கும்போது மட்டும் அடைப்பு வருபவருக்கு ஒருக்களித்துப் படுக்கும் பயிற்சி உதவும். உடல் எடையில் 10 சதவீதம் குறைத்தால் எண்ணிக்கையில் சுமார் கால்வாசி குறையக்கூடும். 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்த நோய்க்கு அனுமதித்த டிர்செபடைட் ஊசி, உடல் பருமனோடு நடுத்தர அல்லது தீவிர நோய் உள்ளவருக்கு மட்டுமே. ஒல்லியானவரோ, லேசான நோய் உள்ளவரோ அதைத் தேடி ஓட வேண்டாம்.

எந்தச் சிகிச்சை எடுத்தாலும் அதோடு இன்னொரு முறை ஸ்லீப் டெஸ்ட் செய்து, எண் இறங்கியதா என்று பாருங்கள். அதுவரை, கண் சொக்கும் நிலையில் வண்டியைத் தொடவே தொடாதீர்கள்!