கழுவக் கொடுக்கும் முன் எழுதி வாங்குங்கள்

ஏப்ரல் கடைசியில் பனி முற்றாகக் கரைந்ததும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மோட்டார்ஹோம்களின் தார்ப்பாய்கள் கழலத் தொடங்கும். குளிர்காலத் தூசி, கூரையிலிருந்து சுவரில் வழிந்த கறுப்புக் கோடுகள், அடிப்பாகத்தில் ஒட்டிய வீதி உப்பு எல்லாம் போனால்தான் அல்கொன்குயின் பூங்காப் பக்கம் வண்டியைத் திருப்பலாம். கழுவித் தருபவரிடம் பெரும்பாலானோர் கேட்பது ஒரே கேள்வி: "அடிக்கு எவ்வளவு?" வண்டியின் நீளத்தை வைத்து அடிக் கணக்கில் விலை சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். 30 அடி வண்டிக்கு அடி 15 டாலர் என்று பேசினால் 450 டாலர், 13 வீத எச்எஸ்டி வரி சேர்த்தால் 508.50. கணக்கு சரிதான். ஆனால் கூரை கழுவுவது இதில் சேர்த்தியா, வண்டியோடு உள்ள பந்தல் துணி சேர்த்தியா, ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்று எதுவுமே அதில் இல்லை. அடிக்கணக்கு பாதி விலை மட்டுமே. மற்றப் பாதியை எழுத்தில் வாங்காதவர், மலிவாகப் பேசி முடித்தாலும் கடைசியில் கூடக் கொடுக்க வேண்டி வரலாம்.

ஏன் என்பதற்குக் கூரையைப் பார்த்தால் போதும். பெரிய மோட்டார்ஹோம்கள் 12 அடிக்கு மேலும் உயரமாக நிற்பதால் சாதாரண கார்க் கழுவகத்துக்குள் நுழையாது. ஏணி வைத்து ஆள்தான் கழுவ வேண்டும். பல வண்டிகளின் கூரை இபிடிஎம் எனப்படும் ரப்பர் விரிப்பு. பெற்றோலியக் கரைப்பானோ எலுமிச்சை, தோடை எண்ணெய் கலந்த அழுக்கு நீக்கியோ அதில் பட்டால் ரப்பர் ஊதிப் பலவீனமாகும். காற்றுத்துளை, ஏசிப் பெட்டி, அன்டெனா என்று கூரையில் துளையிட்ட இடங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பூச்சு இருக்கும். வெயிலிலும் குளிரிலும் கிடந்து அது மயிரிழை அளவில் வெடித்திருந்தால் கீழே நிற்பவருக்குத் தெரியாது. வீட்டுப் பாவனைக்கு விற்கும் அழுத்தக் குழாய்களே 2,000 பிஎஸ்ஐ அளவில் தண்ணீரைத் தள்ளும். அந்தத் தாரையைக் கிட்டப் பிடித்தால் பூச்சின் ஓரம் கிளம்பிவிடும். அன்றைக்கு வண்டி பளபளவென்று வீடு வந்து சேரும். பிறகு பெய்யும் மழைகளில் தண்ணீர் பலகைக்குள் இறங்கி, ஓரிரு மாதம் கழித்துத்தான் உட்கூரையில் மஞ்சள் கறை காட்டும். சுவரின் உள்மரம் உக்கி, வெளித்தகடு உப்பத் தொடங்கினால், அதைத் திருத்தும் செலவுக்குப் பக்கத்தில் கழுவுகூலி ஒரு பொருட்டே அல்ல. மெல்லக் கசிந்த நீரால் வரும் சேதத்தைப் பெரும்பாலான காப்புறுதிகள் ஏற்பதுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு ஒன்று இருந்தால் அதைவிடப் 10 வீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்க முடியாது. 450 என்று மதிப்பிட்டவர் வரி தவிர 495 வரைதான் போகலாம். 700 கேட்டால், முதலில் சொன்ன 450க்கே வேலையை முடித்துத் தரும்படி கோர உங்களுக்கு உரிமை உண்டு. இதில் ஒரு வழுக்கல் இடமும் இருக்கிறது. வேலை நடுவில் "கூரைக்கு மெழுகும் போடட்டோ அண்ணை?" என்று கேட்க, நீங்கள் போனில் "ஓம்" என்றால் ஒப்பந்தம் மாறிவிடும். அந்த "ஓம்" எவ்வளவுக்கு என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. விளம்பரத்தில் ஒரு விலையைப் போட்டுவிட்டு, தவிர்க்கவே முடியாத "சூழல் கட்டணம்", "தண்ணீர்க் கட்டணம்" என்று பின்னால் சேர்ப்பது கனடாவின் போட்டிச் சட்டத்துக்கு முரண். இப்படி இணையப் பதிவுக் கட்டணத்தைப் பிறகு சேர்த்ததற்காக 2024 செப்டம்பரில் சினிப்ளெக்ஸ் திரையரங்கு நிறுவனத்துக்குப் போட்டி நியாயமன்றம் 3 கோடியே 89 இலட்சம் டாலர் அபராதம் விதித்தது. மோட்டார்ஹோம் கழுவுபவருக்கும் விதி அதேதான்.

பல கழுவகங்களில் "சேதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகை தொங்கும். அதைப் பார்த்ததுமே வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறவர்கள் நிறைய. சேவை நியாயமான தரத்தில் இருக்கும் என்ற உத்தரவாதத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு நுகர்வோர் ஒப்பந்தத்திலும் தானாகவே சேர்த்துவிடுகிறது. அதை மறுக்கும் எந்த வாசகமும் செல்லாது. பலகையை எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும் அந்த உத்தரவாதம் போய்விடாது. கடைக்காரர் கையிலும் ஒரு பிடி இல்லாமலில்லை. ஒரு பொருளின் நிலையைப் பேண உழைத்தவர் கூலி கிடைக்கும்வரை அதைப் பிடித்துவைக்க மாகாணத்தின் பற்றுரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. கழுவுவதும் அதில் அடங்கும் என்று அவர் வாதிடலாம். வண்டியை மறித்தால் சண்டைக்கு நிற்கத் தேவையில்லை. கேட்ட தொகையை நீதிமன்றத்தில் கட்டி, அதற்கான சான்றிதழைக் காட்டி வண்டியை மீட்டுக்கொண்டு, தகராறை அங்கேயே தீர்க்கலாம்.

"கழுவுற வேலைக்கெல்லாம் கடுதாசியா? தெரிஞ்ச பொடியன்தானே, காசைக் கையில கொடுத்தால் வரியும் மிச்சம்" என்பார்கள். வருட வருமானம் 30,000 டாலரைத் தாண்டாத சிறு தொழிலாளி எச்எஸ்டி பதிவே செய்யத் தேவையில்லை, ஆகவே அவர் வரி கேட்காதது குற்றமல்ல. (வரி கேட்கிறாரென்றால் அவருடைய பதிவு எண்ணை வருமானவரித் துறையின் இணையத்தளத்தில் சரிபார்த்துவிடலாம்.) வரி இல்லை என்பதற்காகப் பற்றுச்சீட்டும் இல்லாமல் போக வேண்டுமா என்ன? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் டிரைவ்வேயில் வைத்து நேரில் பேசி முடிக்கும் ஒப்பந்தம் 50 டாலருக்கு மேற்பட்டால் அது எழுத்தில் இருக்க வேண்டும், 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே அதை ரத்துச் செய்யலாம். சட்டம் கேட்கும் விபரங்கள் எழுத்தில் தரப்படாவிட்டால் ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. தெரிந்த பொடியன் ஏணியிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒன்ராறியோவின் தொழிற்பாதுகாப்பு விதிகள் 3 மீற்றருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை செய்பவருக்கு விழுகைத் தடுப்புக் கட்டாயம் என்கின்றன. ஈரமான மோட்டார்ஹோம் கூரை அந்த உயரத்தைத் தாண்டக்கூடியது. அவருக்கு வேலையிடக் காப்புறுதி இல்லையென்றால், விழுந்த இடத்தின் சொந்தக்காரர் என்ற வகையில் வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம். இரண்டு தரப்பிலும் நட்புக் கெடாமல் இருக்க எழுத்துத்தான் உதவும்.

நாங்களே கழுவினால் போச்சு என்பது அடுத்த வாதம். கழுவலாம், ஆனால் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வீதியோர மழைநீர் வடிகால்கள் டொன், ஹம்பர், ரூஜ் ஆறுகளுக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் சுத்திகரிப்பில்லாமலே போய்ச் சேர்கின்றன. சவர்க்காரமும் எண்ணெயும் கலந்த நீரை அவற்றுக்குள் விடுவதை ரொறன்ரோ மாநகரச் சட்டத்தின் 681ஆம் அத்தியாயம் தடுக்கிறது. வீட்டுக்கு வந்து கழுவித் தருபவருக்கும் இது பொருந்தும் என்பதால், அழுக்குநீரை எப்படிப் பிடிப்பீர்கள் என்று அவரிடம் முன்கூட்டியே கேட்பது முறை. ஒழுங்கான கழுவகம் கூடுதலாகக் கேட்கும் காசில் ஒரு பங்கு இந்தக் கழிவுநீர் ஏற்பாட்டுக்கும் ஆளின் காப்புறுதிக்கும் போகிறது. அதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு மனமில்லை.

சேதம் வந்துவிட்டால் வெற்றி பெரும்பாலும் ஆதாரத்தில்தான் தங்கியிருக்கிறது. கொடுப்பதற்கு முன் கூரையின் பூச்சு ஓரங்களையும் ஸ்டிக்கர்களையும் யன்னல் ரப்பர்களையும் போனில் படம் பிடித்து வையுங்கள். ரப்பர் கூரை, அதற்குரிய மருந்து மட்டும், கூரைமேல் அழுத்தக் குழாய் வேண்டாம் என்று மதிப்பீட்டிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கடனட்டையில் கட்டினால், சட்டப்படி ரத்துச் செய்த ஒப்பந்தத்தின் காசு திரும்பாதபோது அட்டை நிறுவனத்திடம் மீளக் கோரலாம். ஈ-ட்ரான்ஸ்பரில் போன காசுக்கு அந்த வழியில்லை. கறையைக் கண்டதும் கடைக்கு எழுத்தில் அறிவித்து, வேறொரு திருத்துநரிடம் காரணத்தையும் செலவையும் எழுதி வாங்குங்கள். பிறகும் மசியாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்பு ஒன்ராறியோவுக்கு முறைப்பாடு செய்யலாம், அல்லது சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே கோரக்கூடிய உச்சத்தொகை 2025 ஒக்டோபரிலிருந்து 50,000 டாலர். வழக்கறிஞர் கட்டாயமில்லை, உரிமம் பெற்ற பராலீகல் ஒருவரே வாதாடலாம். சேதத்தை அறிந்த நாளிலிருந்து, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, இரண்டு வருடம்தான் காலக்கெடு என்பதால் மஞ்சள் கறையைக் கண்ட திகதியையும் முன்பு பிடித்த படங்களோடு குறித்து வையுங்கள்.