வராத உறுப்பினரும் வளரும் வாணிகமும்

உணவு விடுதியில் பணம் கட்டியவர் உண்ணாமல் எழுந்து போவதில்லை. திரைப்படத்திற்கு நுழைவுச்சீட்டு வாங்கியவர் வாயிலோடு திரும்பி விடுவதில்லை. ஆனால், பணத்தைக் கட்டிவிட்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத வாடிக்கையாளரை நம்பி ஒரு தொழில் நடைபெறுகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் 'ஹெல்த் கிளப்' என வழங்கும் உடற்பயிற்சிக் கழகங்களின் தொழிலே அது. உடலை வளர்க்கும் கலையைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். அந்தக் கலையை விற்கும் வாணிகத்தைப் பற்றி, வணிகவியல் பயில்வோர் நோக்கில் சிறிது காண்போம்.

தொடக்கக் காலத்தில் உடற்பயிற்சிக் கூடம் என்பது வியர்வை நாற்றம் வீசும் நிலவறையாகவே இருந்தது. குத்துச் சண்டை வீரர்களும் பளு தூக்குவோரும் தவிர வேறெவரும் அங்கே நுழைவதில்லை. ஜாக் லலேன் என்பவர் 1936இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் ஒரு கூடத்தைத் திறந்தார். பின்னாளில் அவர் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டுப் பெண்மணிகளை நாற்காலியின் துணைகொண்டே பயிற்சி செய்ய வைத்தார். உடற்பயிற்சி எல்லார்க்கும் உரியது என்னும் எண்ணத்தைப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் இதை ஒரு பெருவாணிகமாக்கிக் காட்டியவர் விக் டேனி. நிலவறையை விட்டு வெளியேறி, தரைக்குக் கம்பளமும், சுவருக்குக் கண்ணாடியும், கருவிகளுக்குப் பளபளக்கும் குரோம் பூச்சும் தந்தார். 1960 அளவில் ஏறத்தாழ நூறு கூடங்கள் அவர் பெயரில் இயங்கின. செய்தித்தாள் விளம்பரமும், நெருக்கிப் பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் விற்பனையாளர்களும் அவருடைய இரு கைகள் எனலாம். ஆயினும் அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்தச் சாம்ராச்சியம் சரிந்தது.

இத்தகைய சரிவுகளுக்கான காரணம் வணிகவியல் மாணவர்க்கு நல்ல பாடம். நீண்ட காலத்திற்கு, சில வேளைகளில் ஆயுட்காலத்திற்கே, உறுப்பினர் கட்டணத்தை முன்கூட்டியே விற்றுவிடுவது அக்காலத்துக் கழகங்களின் வழக்கம். கையில் பணம் மொத்தமாக வந்து சேரும். அதைக் கொண்டு அடுத்த ஊரில் அடுத்த கூடம் திறக்கப்படும். ஆனால் பழைய கூடத்தின் வாடகையும் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் மாதந்தோறும் வந்து நிற்குமே! அங்கோ ஏற்கெனவே பணம் கட்டி முடித்தவர்கள்தாம் இருக்கிறார்கள். ஆகவே பழைய கூடத்தை நடத்தப் புதிய உறுப்பினர் வேண்டும்; புதிய உறுப்பினருக்குப் புதிய கூடம் வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கும் வரை விழாத மிதிவண்டி போன்றது இது. நின்றால் விழ வேண்டியதுதான்.

இத்தகைய ஒப்பந்தங்களால் ஏமாந்தோர் பலர். அதனால் கலிபோர்னியா மாநிலம் 1961இலேயே உடற்பயிற்சிக் கூடங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. உறுப்பினரின் ஆயுளை அளவாகக் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என அது விதித்தது. கடை மூடிய பின்னும் ஆயுள் சந்தாச் சீட்டைக் கையில் வைத்திருப்பவரின் நிலையை எண்ணிப் பார்த்தால் இச்சட்டத்தின் தேவை விளங்கும்.

முன்பணமும் வருமானமும்

முன்கூட்டிப் பெற்ற பணம் வருமானமன்று. அது ஒரு பொறுப்பு. சேவையை வழங்க வழங்கத்தான் அது வருமானமாக மாறும். இதனை முதலாண்டுக் கணக்குப் பதிவியல் வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாகவும் எழுதியிருக்கிறோம். ஆனால் ஒரு பெரும் நிறுவனமே இதில் இடறி விழுந்திருக்கிறது. பாலி டோட்டல் ஃபிட்னஸ் என்னும் கழகம் ஒரு காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய உடற்பயிற்சி நிறுவனங்களுள் ஒன்று. பல ஆண்டுச் சந்தாவைத் தவணை முறையில் விற்பது அதன் வழக்கம். அந்தச் சந்தா வருமானத்தை உரிய காலத்திற்கு முன்பே வரவு வைத்தது உள்ளிட்ட கணக்கு முறைகேடுகளுக்காக, அந்நாட்டுப் பங்குமாற்று ஆணையம் 2008இல் அதன்மீது வழக்குத் தொடர்ந்தது. அதற்குள் 2007இல் ஒருமுறையும், பின் 2008 டிசம்பரில் மறுமுறையும் அந்நிறுவனம் நொடிப்பு நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. 2011இல் அதன் கூடங்களில் பெரும்பகுதியைப் போட்டி நிறுவனமொன்று வாங்கிக் கொண்டது.

இடைக்காலத்தில் இத்தொழிலுக்கு நல்ல காற்று வீசியதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் 'ஏரோபிக்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். ஆர்தர் ஜோன்ஸ் என்பவரின் நாட்டிலஸ் பொறிகள் 1970 முதல் விற்பனைக்கு வந்தன. பளுவைக் கையாளத் தெரியாதவரும் பொறியில் அமர்ந்து இழுத்தால் போதும் என்றாயிற்று. நடிகை ஜேன் ஃபோண்டாவின் பயிற்சி ஒளிநாடா 1982இல் வெளிவந்து வீடுதோறும் புகுந்தது. கழகங்கள் பெருகின, 1981இல் அவை தமக்கெனப் பன்னாட்டுச் சங்கமும் அமைத்துக் கொண்டன.

மலிவு விலையின் மறைபொருள்

இன்று இத்தொழிலின் போக்கை அறிய விரும்புவோர் பிளானட் ஃபிட்னஸ் என்னும் நிறுவனத்தைப் பார்த்தால் போதும். 1992இல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் டோவர் நகரில் தோன்றியது இது. 1998 முதல் 2024 வரை அடிப்படைச் சந்தா மாதம் 10 டாலராக இருந்தது. ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு! இவ்வளவு குறைந்த கட்டணத்தில் எவ்வாறு இலாபம் ஈட்ட முடியும்?

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கூடத்தின் மாத நிலைச் செலவு 60,000 டாலர் என்று கொள்வோம். இடத்தின் வாடகையும் பொறிகளின் தவணையும் உறுப்பினர் எண்ணிக்கையால் மாறுவதில்லை. ஒருவர் கூடுதலாகச் சேர்வதால் ஆகும் மாறும் செலவு கொஞ்சம் வெந்நீரும் துடைக்கும் காகிதமுமே. ஆகவே 6,000 உறுப்பினர் சேர்ந்தால் செலவு ஈடாகும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு 10 டாலரும் பெரும்பாலும் இலாபமே. அந்தக் கூடத்தில் ஒரே நேரத்தில் 300 பேர் பயிற்சி செய்யலாம், ஒவ்வொருவரும் ஒரு மணி நேரம் இருப்பர் என்று வைத்துக் கொள்வோம். 6,000 பேரும் வாரத்திற்கு மூன்று முறை தவறாமல் வந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,570 பேர் ஆகிறது. அவர்களில் பாதிப்பேர் அலுவலகம் முடிந்து மாலை 5 மணி முதல் 8 மணிக்குள் வந்தால் மணிக்கு 430 பேர்! நிற்கவும் இடமிராது. எனவே அக்கூடம் நிலைத்திருக்க வேண்டுமானால், உறுப்பினரில் கணிசமானோர் பணம் கட்டிவிட்டு வீட்டிலேயே இருக்க வேண்டும்.

கணக்கு கற்பனையெனினும் அளவு கற்பனையன்று. 2024 முடிவில் இந்நிறுவனத்திற்கு 2,700க்கு மேற்பட்ட கூடங்களும், ஏறத்தாழ 1 கோடியே 97 இலட்சம் உறுப்பினர்களும் இருந்தனர். வகுத்துப் பார்த்தால் ஒரு கூடத்திற்கு 7,000 பேருக்கு மேல் வருகிறது.

இனி அந்நிறுவனத்தின் அங்காடியிடுகை முறையைக் கவனியுங்கள். நாள்தோறும் வந்து பெரும் பளுவைத் தூக்கும் பயில்வான்களை அது விரும்புவதில்லை. உரக்க முனகிக் கொண்டு பளுவைத் 'தடால்' எனப் போடுவோரைக் கண்டால் ஒலிக்கும் அபாயச் சங்கு ஒன்றைக் கூடத்தில் மாட்டி வைத்தது! மாதம் ஒரு நாள் உறுப்பினருக்கு இலவசமாகப் பீட்சா வழங்கும் வழக்கத்தையும் கொண்டு வந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் பீட்சாவா என நாம் நகைக்கலாம். ஆனால், 'இங்கே உம்மை எவரும் எடை போடமாட்டார். அஞ்சாமல் வருக' என்று பருத்த உடலினரையும் கூச்சமுடையோரையும் அழைக்கும் தந்திரம் அது. இவர்கள் ஆர்வத்தோடு சேர்வர், அடிக்கடி வாரார், சிறு தொகைதானே என விலகவும் மாட்டார். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துப் புத்தாண்டு இரவுக் கொண்டாட்டத்திற்கு இந்நிறுவனம் பல ஆண்டுகள் புரவலராக இருந்ததன் பொருத்தமும் இப்போது விளங்கும். 'இவ்வாண்டு முதல் உடலைப் பேணுவேன்' என்று மக்கள் சூளுரைக்கும் நேரம் அதுதானே! தை பிறந்தால் புதுக் குறிப்பேடு வாங்கி, மூன்றாம் நாளோடு நிறுத்தி விடும் நம்மில் பலர் அவர்களைப் பழிக்க இயலாது.

இதனை வஞ்சகம் என்று முற்றிலும் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. வராதவர் கட்டும் பணத்தால்தான் நாள்தோறும் வருபவருக்குக் குறைந்த கட்டணத்தில் நல்ல பொறிகள் கிடைக்கின்றன. அவ்வாறு தவறாமல் வருபவர் வசதி குறைந்த தொழிலாளியாகவும் இருக்கக்கூடும். அவருக்கு இது பெரிய பேறு.

வராதவர் இழப்பது எவ்வளவு? இதற்குத் துல்லியமான விடை உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் அமெரிக்காவின் மூன்று கழகங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை மூன்றாண்டுக் காலத்திற்கு ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக வந்தது மாதத்திற்கு 4.3 முறையே. அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதே கழகத்தில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான்! உறுப்பினராக இருந்த காலம் முழுவதற்குமாக ஒருவர் இழந்த சேமிப்பு சராசரி 600 டாலர். கடைசியாக வந்து போன நாளுக்கும் உறுப்பினர் நிலையை நீக்கிய நாளுக்கும் இடையே இரண்டு முழு மாதங்களுக்கு மேல் கழிந்தன என்பது இன்னொரு முடிவு.

மாதச் சந்தாவுக்கும் ஆண்டுச் சந்தாவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி அவர்கள் கண்டது இதனினும் சுவையானது. ஆண்டுச் சந்தா ஆண்டு முடிந்ததும் தானே முடிந்து விடும். தொடர வேண்டுமானால் உறுப்பினர் ஏதேனும் செய்ய வேண்டும். மாதச் சந்தாவோ தானே தொடரும். நிறுத்த வேண்டுமானால்தான் ஏதேனும் செய்ய வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற உரிமை பெற்றவர்களே ஓராண்டுக்கு மேலும் மிகுதியாக நீடித்திருந்தனர். கட்டுப்பாடு மிக்க ஒப்பந்தத்தை விடக் கட்டுப்பாடு அற்றதுபோல் தோன்றும் ஒப்பந்தமே இறுகப் பிடிக்கிறது! விக் டேனி காலத்து விற்பனையாளர் வாயால் வென்றார். இன்றைய கழகம் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழியும் முறையால் வெல்கிறது.

வருபவரால் நட்டம்

எல்லாக் கழகங்களும் இவ்வழியே செல்வன அல்ல. டெக்சாசில் 1992இல் தோன்றிய கர்வ்ஸ், பெண்களுக்கு மட்டும் எனச் சிறிய இடத்தில், சில பொறிகளோடு, அரை மணி நேரப் பயிற்சி என அமைத்து உரிமக் கிளைகளாக உலகெங்கும் பரவியது. பரவிய வேகத்திலேயே தாயகத்தில் சுருங்கவும் செய்தது.

2013இல் தொடங்கிய கிளாஸ்பாஸ் என்பதன் கதை நம் கணக்கின் மறுபக்கம். அதற்குச் சொந்தக் கூடமில்லை. உறுப்பினர் மாதச் சந்தா கட்டிப் பல சிறு கூடங்களில் எங்கு வேண்டுமானாலும் பயிற்சி பெறலாம். ஒவ்வொரு வருகைக்கும் கிளாஸ்பாஸ் அக்கூடத்திற்குப் பணம் தரவேண்டும். மாதம் 99 டாலருக்கு எத்தனை வகுப்பு வேண்டுமானாலும் என்று அறிவித்தார்கள். மக்கள் மெய்யாகவே வந்தார்கள்! இங்கே ஒவ்வொரு வருகையும் மாறும் செலவு. கட்டணத்தைப் படிப்படியாக உயர்த்திப் பார்த்தும் கட்டுபடியாகாமல் 2016 நவம்பரில் அளவற்ற திட்டத்தையே கைவிட்டனர். ஒரே சேவைதான். ஓரிடத்தில் வராதவரால் இலாபம். மற்றோரிடத்தில் வருபவரால் நட்டம்.

2020இல் கொரோனா நோய்த்தொற்றால் கூடங்கள் மூடப்பட்டபோது நிலைச் செலவின் மறுமுகம் வெளிப்பட்டது. வரவு நின்றது, வாடகை நிற்கவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் கோல்ட்ஸ் ஜிம்மும், ஜூனில் 24 ஹவர் ஃபிட்னஸும் நொடிப்பு நீதிமன்றம் சென்றன.

இனி எஞ்சியிருப்பது விலகும் வழி பற்றிய வழக்கு. சேர்வதற்கு ஒரு நிமிடம். விலகுவதற்கோ நேரில் வா, பதிவஞ்சலில் கடிதம் அனுப்பு என்னும் அலைக்கழிப்பு. இது நெடுங்காலக் குறை. இணையத்தில் சேர்ந்தவர் இணையத்திலேயே விலக வழி வேண்டும் எனக் கலிபோர்னியா 2018 முதல் விதித்தது. நாடு முழுமைக்குமாக அத்தகைய விதியை அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 அக்டோபரில் அறிவித்தது. நடைமுறைக்கு வரும் தறுவாயில், 2025 ஜூலையில், விதி இயற்றிய முறையில் பிழை உண்டு எனக் கூறி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது.

ஆயினும் பிளானட் ஃபிட்னஸ் 2025இல் நாடெங்கும் இணையவழி விலகலுக்கு இடமளித்தது. முந்திய ஆண்டு ஜூனில்தான் புதிய உறுப்பினருக்கான அடிப்படைச் சந்தாவை 10 டாலரிலிருந்து 15 டாலராக உயர்த்தியிருந்தது. விலகும் வழி எளிதான பின் விலகுவோர் விகிதம் சற்றுக் கூடியதாக நிறுவனமே தன் முதலீட்டாளர்களுக்குத் தெரிவித்தது.