அடிவயிற்று நோவும் அதன் படியைக் காட்டும் படமும்

அடிவயிற்றில் ஒருபுறமாக நோவு எடுத்தால், அதை வாயு என்று கொண்டு ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருப்பது எம்மவர் வழக்கம். வேலைக்குச் செல்லாவிடில் சம்பளம் இல்லை என்ற கவலையும், வைத்தியசாலைக்குச் சென்றால் பணம் கேட்பார்களோ என்ற அச்சமும், நோவை ஆங்கிலத்தில் விளக்க முடியாத தயக்கமும் புலம்பெயர்ந்த மண்ணில் இவ்வழக்கத்தை மேலும் வலுப்படுத்தியுள்ளன. அநேகமான நோவுகள் தாமாகவே தணிந்துவிடுகின்றன. ஆயினும், பொறுத்திருக்கக்கூடாத நோவுகளும் உள்ளன. அவற்றுள் ஒன்று பெருங்குடற்பை அழற்சி. வைத்தியர்கள் இதனை 'டைவர்ற்றிகுலைற்றிஸ்' என்பர்.

வயது ஏறுகையில், பெருங்குடற் சுவரில் இரத்தக் குழாய்கள் ஊடுருவும் நலிந்த இடங்கள் வெளிப்புறமாகப் பிதுங்கிச் சிறு பைகளாகின்றன. பெரும்பாலானோருக்கு இவற்றால் எவ்விதத் தொல்லையும் இல்லை. ஒரு பை அழற்சியுறும்போதே நோவும் காய்ச்சலும் தோன்றுகின்றன. மேலைநாட்டவரிடையே நோவு பெரும்பாலும் இடது அடிவயிற்றில் எழும். கிழக்காசிய நாட்டவரிடையே வலதுபுறத்திலும் அதிகம் காணப்படுவதால், அப்பென்டிக்ஸ் நோவு என்று மயங்க இடமுண்டு. வயிற்றைக் கையால் அழுத்திப் பார்ப்பதனால் மட்டும் இதனை உறுதிசெய்தல் கடினம்.

மொன்றியலும் ரொறன்ரோவும்

இந்நோயின் கடுமையை வகுத்தளித்தவர் ஒரு கனடியர் என்பது பலர் அறியாத செய்தி. மொன்றியல் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹின்ச்சியும் அவரது சகாக்களும் 1978 இல், குடற்பை வெடித்த நோயாளரை நான்கு படிகளாகப் பிரித்தனர். குடலை ஒட்டிய சீழ்க்கட்டி முதற்படி. இடுப்பறைக்குப் பரவிய சீழ்க்கட்டி இரண்டாவது. வயிற்றறை எங்கும் சீழ் பரவுதல் மூன்றாவது. மலமே வயிற்றறையில் கலத்தல் நான்காவது.

இப்படிகள் சத்திரசிகிச்சை மேசையில் கண்டவற்றை வைத்து வகுக்கப்பட்டவை. இன்றோ, வயிற்றைத் திறக்காமலே அவற்றைப் பெருமளவு படத்தில் வாசிக்க முடிகிறது. 1971 இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் எடுத்த சி.ரி. ஸ்கான், பின்னர் வயிற்றுக்கும் வந்தது. ரொறன்ரோ மருத்துவர்களான ஸ்ரெபனி வில்சன், அன்ற்ஸ் ரோய் ஆகிய இருவரும், அல்ட்ராசவுண்ட் மூலமும் இந்நோயைக் கண்டறியலாம் என்பதை 1990 இல் எழுதினர். கதிர்வீச்சு இல்லாத அம்முறை கர்ப்பிணிகளுக்குப் பெரிதும் உதவுகிறது.

படம் சொல்வதும் சொல்லாததும்

சி.ரி. படத்தில் தடித்த குடற்சுவரும், அதைச் சூழ்ந்த கொழுப்பின் கலங்கலும் தெரிந்தால் அழற்சி உறுதியாகிறது. அத்துடன் நின்றிருப்பின் பலர் வீட்டிலேயே குணமடைவர். இத்தகையோருள் நுண்ணுயிர்க்கொல்லி பெற்றவரும் பெறாதவரும் ஒரேயளவில் தேறியதை 2012 இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு காட்டிற்று. சிறிய சீழ்க்கட்டி மருந்தினால் கரையக்கூடும். மூன்று, நான்கு சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதை, படத்தின் துணையுடன் தோலினூடாகக் குழாய் செலுத்தி வடிப்பர். குடலுக்கு வெளியே காற்றும் நீரும் பரந்து தெரிந்தால் அவசர சத்திரசிகிச்சை வேண்டிவரலாம். ஆக, வீட்டுக்குச் செல்வதா, கத்தியை எதிர்கொள்வதா என்பதைத் தீர்மானிக்கப் படமே பெரிதும் உதவுகிறது.

படத்திற்கும் எல்லை உண்டு. மூன்றாம் படியையும் நான்காம் படியையும் அது எப்போதும் பிரித்துக் காட்டுவதில்லை. புற்றுநோயும் இதே தோற்றம் தரலாம் என்பதால், நோவு தணிந்து ஆறு முதல் எட்டு வாரங்களின் பின் கொலனோஸ்கொப்பி செய்யுமாறு பலருக்கும் கூறப்படுகிறது. அதனைத் தவறவிடலாகாது. வயிற்று சி.ரி. ஒன்றின் கதிர்வீச்சு, சில ஆண்டுகளில் இயற்கையாக எம்மீது படுவதற்கு ஒப்பானது. அவசியமானபோது அஞ்ச வேண்டியதில்லை. அவசியமின்றிக் கேட்டுப் பெறவும் வேண்டியதில்லை.

நாம் செய்யவேண்டியவை

காய்ச்சலுடன் கூடிய நோவு, அசைந்தாலே கூடும் நோவு, கல்லைப்போல் இறுகிய வயிறு, விடாத வாந்தி, மலத்துடன் இரத்தம் ஆகியன கண்டால் காத்திராது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுதல் வேண்டும். வீட்டில் எஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லியை விழுங்குவது நோயை மறைக்கும். ஐபுபுறொபன் போன்ற நோவு மாத்திரைகள் குடற்பை வெடிக்கும் ஆபத்தைக் கூட்டக்கூடியவை. ஸ்கானுக்கு முன் நரம்பில் மருந்து ஏற்றுவதுண்டு. ஆகையால் சிறுநீரக நோய், ஒவ்வாமை, கர்ப்பம், நீரிழிவுக்கு உட்கொள்ளும் மெற்போமின் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மொழி தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையின் வாயால் நோவை விளக்குவது பிள்ளைக்கும் சுமை, வைத்தியருக்கும் இடர்.

செலவைப் பற்றிய அச்சத்தால் பின்வாங்கவும் வேண்டாம். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளோரின் வைத்தியர், வைத்தியசாலைச் செலவுகளை இடைக்கால சமஷ்டிச் சுகாதாரத் திட்டம் ஏற்கிறது. 2012 இல் வெட்டப்பட்ட இத்திட்டம், 2014 இல் அவ்வெட்டு அரசியலமைப்புக்கு முரணானது என்று சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அடுத்து, 2016 ஏப்ரலில் முழுமையாக மீட்கப்பட்டது. அகதிக் கோரிக்கைப் பத்திரத்தை எப்போதும் உடன் வைத்திருங்கள். முதற்படியில் காட்டும் நோவு பெரும்பாலும் மருந்தோடு போகும். நான்காம் படிவரை பொறுத்த நோவு உயிரையே கேட்கும்.